இடது கைக்கு வேலை

ஆர்மோனியத்தில் வளர்ந்தவர்களுக்கு இடது கை துருத்தி போடுவதற்குத்தான். அப்பா அப்படித்தான் வாசித்தார். வலது கை கட்டைகள்மீது ஓடும். இடது கை பெட்டியின் முதுகைப் பிடித்துக்கொண்டு காற்று போட்டபடியே இருக்கும். பாளையங்கோட்டையிலிருந்து பஸ் பிடித்துப் போக வேண்டிய ஒரு கிராமத்தில் அவர் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அவர்தான் கீர்த்தனைகளுக்கு ஆர்மோனியம். கிறிஸ்தவக் கீர்த்தனைகள் பாடிய வேதநாயகம் சாஸ்திரியார் திருநெல்வேலியில் பிறந்து தஞ்சாவூருக்குப் போனவர். அவருடைய கீர்த்தனைகளை ஊர்ச் சொத்தாகவே நினைத்து அப்பா வாசிப்பார். ராகம், தாளம் என்றெல்லாம் முறையாகப் பாடம் கேட்டவர் இல்லை. ஆனால் ஒரு கீர்த்தனையை எந்தக் கட்டையில் எடுத்தால் பெண்கள் பக்கமும் ஆண்கள் பக்கமும் சேர்ந்து பாட முடியும் என்பது அவருக்குத் தெரியும்.

அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தை நிலையத்துக்குள் சேர்க்காமல் வைத்திருந்தது. கமகம் பேசாத வாத்தியம், நம் சங்கீதத்துக்கு ஆகாது என்பது காரணம். அப்பா ஆர்மோனியம் வாசித்த காலத்தில் பெரும்பகுதி அந்த வருடங்கள்தான். ரேடியோவில் கச்சேரி கேட்பார். தான் வாசிக்கும் பெட்டிக்கு அங்கே இடமில்லை என்று தெரிந்துகொண்டேதான் கேட்பார். அதை எண்ணினால் இன்றைக்கும் எனக்கு மனசு கனக்கிறது. சுரங்களைக் கட்டம் கட்டி நிறுத்தும் வாத்தியம் என்கிற குறை பியானோவுக்கும் உண்டு. அந்தக் குறையோடுதான் அதை நான் நேசிக்கிறேன்.

பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் சேர்த்தபோதுதான் பியானோவை முதலில் தொட்டேன். பள்ளிக்கூட ஹாலில் மிஷனரி அம்மாக்கள் காலத்துப் பெட்டி ஒன்று இருந்தது. இங்கிலாந்தில் செய்தது, முன்பக்கத்தில் மெழுகுவத்தி வைக்க இரண்டு பித்தளைக் கைகள். மாலை ஜெபம் முடிந்த பிறகு டீச்சர் கற்றுக்கொடுப்பார். வலது கையைக் கட்டைகள்மேல் வைத்துவிட்டு, பழக்கதோஷத்தில் இடது கையை மடியில் போட்டு உட்கார்ந்திருந்தேன். டீச்சர் அந்தக் கையை எடுத்து, விரலுக்கு ஒரு கட்டையாக ஐந்து கட்டைகள்மேல் வைத்தார். "இந்தக் கையும் பாடும் பிள்ள," என்றார். அன்று வலது கையில் ஒரு மெட்டு. இடது கையில் அதற்குக் கீழே மூன்றே சுரங்கள். இரண்டும் ஒரே நேரத்தில் என் உடம்பிலிருந்து கிளம்புவதை நம்பவே முடியவில்லை. வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம் சொன்னேன். அவர் தன் இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

வாசிக்க வாசிக்கத்தான் இன்னொரு வித்தியாசம் பிடிபட்டது. ஆர்மோனியத்தில் கட்டையை அழுத்தியிருக்கும் வரை, துருத்தியில் காற்றிருக்கும் வரை சுரம் நிற்கும். வாசிப்பவரின் கை அந்த ஒலியோடு கடைசி வரை கூடவே போகிறது. பியானோவில் அப்படி இல்லை. கட்டையை அழுத்தினால் உள்ளே கம்பளி ஃபெல்ட் சுற்றிய சுத்தியல் தந்தியை நோக்கிக் கிளம்புகிறது. தந்திக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர் இருக்கும்போதே அதற்கும் விரலுக்கும் உள்ள தொடர்பு விட்டுப்போகிறது. மீதித் தூரத்தைச் சுத்தியல் தானாகவே கடந்து, அடித்துவிட்டு உடனே பின்வாங்குகிறது. ஃப்ளாரன்ஸில் மெடிச்சி குடும்பத்தின் வாத்தியங்களைப் பார்த்துக்கொண்டிருந்த பார்த்தலோமியோ கிறிஸ்டோஃபோரி 1700-ஐ ஒட்டி அமைத்த ஏற்பாடு இது. இன்றைய பியானோவும் அடிப்படையில் அதே வழியில்தான் இயங்குகிறது. ஆக, ஒலி பிறந்த கணத்திலேயே தேயத் தொடங்குகிறது. கட்டையை எந்த வேகத்தில் இறக்குவது, எப்போது விடுவது, எப்போது பெடலை மிதிப்பது ஆகியவைதான் வாசிப்பவர் கையில் இருக்கின்றன. மற்றதெல்லாம் கேட்பதில் இருக்கிறது. முந்திய சுரம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று கேட்டுத்தான் அடுத்த சுரத்தின் கனத்தைத் தீர்மானிக்க முடியும்.

இப்படிக் கேட்பதற்கு நேரம் வேண்டும், அமைதி வேண்டும், ஒரே பியானோவோடு நாள்கணக்கில் பழக வேண்டும். எனக்கு அது வெகுகாலம் கிடைக்கவில்லை. வங்கியில் வேலை கிடைத்துச் சென்னைக்கு வந்தேன். வேப்பேரிப் பக்கம் ஒரு கோயிலில் பாடகர் குழுவுக்கு வாசித்தேன். ஆராதனை தொடங்கும் முன் கொஞ்ச நேரம், அடுத்த கூட்டத்துக்கு நாற்காலி இழுத்துப் போடும் சத்தத்துக்கு நடுவில் கொஞ்ச நேரம் என்று எனக்குக் கிடைத்த பியானோவெல்லாம் இரவல்தான். அண்ணா சாலையில் மியூசி மியூசிக்கல் இருக்கிறது; 1842-இல் தொடங்கிய கடை, டிரினிட்டி தேர்வுகளுக்காகப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பெற்றோர் வந்து போகும் இடம். பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஜன்னல் ஓரமாக உட்காரப் பார்ப்பேன். வீட்டில் இருந்தது 61 கட்டை கேசியோ. பிள்ளைகள் படிப்பு, வீட்டுக் கடன், மகள் கல்யாணம் என்று ஆண்டுகள் ஓடின. அதைப் பற்றி எனக்கு மனக்குறை ஏதும் இல்லை. செய்ய வேண்டியதைத்தான் செய்தோம்.

ஓய்வுபெற்றுப் பணிக்கொடை வந்தபோது என் கணவர்தான் பேச்சை எடுத்தார். "இப்ப வாங்காம எப்ப வாங்கப் போற?" என்றார். அவருக்குச் சங்கீதத்தில் பெரிய ஈடுபாடு கிடையாது. ஆனால் சாப்பாட்டு மேசை விளிம்பில் என் விரல்கள் வாசித்துக்கொண்டிருப்பதை முப்பது வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர்.

மருமகன் டிஜிட்டல் பியானோ வாங்கச் சொன்னார். "அத்தை, எடை கம்மி, ட்யூனிங் செலவு கிடையாது, ராத்திரி ஹெட்ஃபோன் போட்டு வாசிக்கலாம். அபார்ட்மென்ட்டுக்கு அதுதான் சரி." அவர் சொன்னது ஒவ்வொன்றும் நியாயம். புதிதாகக் கற்கும் பிள்ளைக்கு எது வாங்கலாம் என்று யாராவது கேட்டால் நானும் இன்று அதைத்தான் சொல்வேன். ஆனால் எனக்குத் தந்தி வேண்டியிருந்தது.

முதலில் பழைய பியானோ ஒன்றைப் பார்க்கக் குன்னூர் வரை போனோம். தெரிந்தவர் மூலமாக வந்த தகவல். ஒரு பங்களாவைக் காலி செய்கிறார்கள். அழகான பெட்டி. மரத்தின் வரி நெருப்புபோல் ஓடியிருந்தது. வெள்ளைக் கட்டைகளுக்கு யானைத் தந்தத் தகடு, மஞ்சள் பாரித்திருந்தது. எங்களோடு வந்த ட்யூனர் பெட்டி அழகைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேல் மூடியைத் திறந்தார், டார்ச் அடித்தார், சாவியை ஒரு முளையில் பொருத்தி மயிரிழை அளவு திருப்பினார். தந்தி ஏறியது. கையை எடுத்தார், அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கியது. இன்னொரு முளை. அதுவும் அப்படியே.

"ஆணி பிடிக்கலம்மா," என்றார். "நான் ட்யூன் பண்ணிட்டுக் கேட்டைத் தாண்டறதுக்குள்ள இறங்கிடும்."

பியானோவுக்குள் ஏறத்தாழ 230 தந்திகள். ஒவ்வொன்றும் 70, 80 கிலோ இழுவையில் நிற்கிறது. எல்லாம் சேர்ந்தால் 16 டன்னுக்குக் குறையாது. அந்த இழுவையைத் தாங்குவது வார்ப்பிரும்புச் சட்டம். ஆனால் முளைகளைப் பிடித்து வைத்திருப்பது அதற்குப் பின்னால் இருக்கும் மரக்கட்டை, பல அடுக்குகளாக ஒட்டிய வன்மரம். நூறு மழைக்காலமும் நூறு கோடையும் உப்பிச் சுருங்கி அந்தத் துளைகள் தளர்ந்துவிட்டால், மேலே எவ்வளவு பாலிஷ் போட்டாலும் பியானோ சுருதியில் நிற்காது. வயலின் வயதாக ஆகப் பெருமை கூடும் வாத்தியம். பியானோவை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. இழுவையில் உழைத்துத் தேயும் பொருள் அது. பழையது என்றாலே நல்லது என்று சொல்லிப் பிள்ளைகளின் தலையில் சுருதி நிற்காத பெட்டிகளைக் கட்டுவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. கேட்கும் பழக்கமே அதில் கெட்டுப்போகும்.

மலையிறங்கும்போதே புதிதுதான் வாங்குவது என்று முடிவாகிவிட்டது.

ஷோரூமில் அப்ரைட் பியானோ இரண்டு உயரத்தில் இருந்தது: 109 சென்டிமீட்டர், 121 சென்டிமீட்டர். பார்வைக்கு ஒரு சாண்கூட வித்தியாசம் இல்லை. மந்திர ஸ்தாயியில் வித்தியாசம் தெரிந்தது. சிறியதில் கீழ்த் தந்திகள் குட்டை; குட்டைத் தந்தியில் ஆழ்ந்த சுரம் வேண்டுமென்றால் தாமிரக் கம்பியைச் சுற்றிச் சுற்றித் தடிமனாக்க வேண்டும். தடித்த தந்தி சுலபமாக வளையாது. அதன் மேற்சுரங்கள் இடம் பிசகுகின்றன. ஆகக் கடைசிக் கட்டையை அடித்தால் ஒரு கனத்த சத்தம் கேட்கிறதே தவிர, அது என்ன சுரம் என்று காதுக்கு நிச்சயமாகத் தெரிவதில்லை. உயரமானதில் அதே கட்டை தன் பெயரைச் சொன்னது. இடது கைக்காக வாங்கும் பியானோ இது. நான் அங்கேயே தீர்மானித்துவிட்டேன்.

பிறகு ஒன்று செய்து பார்த்தேன். நடு 'ஸி' கட்டையைச் சத்தமே வராமல் மெதுவாக அழுத்திப் பிடித்துக்கொண்டு, அதற்கு ஒரு ஸ்தாயி கீழே இருக்கும் 'ஸி'யை இடது கையால் ஓங்கி ஒருமுறை அடித்து விட்டேன். கீழ்த் தந்தி அடங்கியது. யாரும் அடிக்காத மேல் தந்தி பாடிக்கொண்டிருந்தது. மருமகனும் கூட வந்திருந்தார். பெட்டிமேல் கை வைத்துப் பார்க்கச் சொன்னேன். வைத்தார். "அத்தை, இது அதிருது," என்றார். இப்போதைய டிஜிட்டல் பியானோக்கள் இந்தக் கூட்டதிர்வையும் கணக்குப் போட்டுத் தருகின்றன என்று கடைக்காரர் நேர்மையாகவே சொன்னார். இருக்கட்டும். என் விரல் நுனிக்கும் பாதத்துக்கும் அந்த அதிர்வு மரத்தின் வழியாக வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

வாங்கியது யமஹா யூ1. ஷோரூமில் இருந்த ஒரு சிறு புத்தகத்தில் அந்தக் கம்பெனி தொடங்கிய கதையைப் படித்தேன். 1887-இல் ஜப்பானில் ஹமமட்ஸு ஊர் ஆரம்பப் பள்ளியில் ரீட் ஆர்கன் பழுதாகிவிட, டொரகுஸு யமஹா அதைப் பழுது பார்க்கப் போனார். பிரித்துப் பார்த்தவர் தாமே ஒன்றைச் செய்துவிடலாம் என்று இறங்கினார். முதல் அப்ரைட் பியானோ 1900-இல். ரீட் ஆர்கன் ஆர்மோனியத்தின் சொந்தம்தான். காற்றில் துடிக்கும் பித்தளை நாக்குகள்தான் அதற்கும் உயிர். ஒரு பள்ளிக்கூடத்து ஆர்மோனியத்தில் தொடங்கிய வழி இது என்பதை அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! அப்பா இருந்திருந்தால் அவரிடம்தான் முதலில் சொல்லியிருப்பேன்.

பியானோவின் எடை 228 கிலோ. எங்கள் வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் சிறியது. கூலி பேசி வந்த ஆட்களில் மூத்தவர் முதலில் கையை வீசிக்கொண்டு மேலே ஏறி இறங்கினார். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, சுவரில் சாணால் அளந்தார். கைப்பிடிக் கம்பி ஒரு இடத்தில் துருத்திக்கொண்டிருந்தது. அங்கே கோணியைச் சுற்றினார். பெல்ட்டைத் தோளில் மாட்டிக்கொண்டு கீழே மூன்று பேர், மேலே மூன்று பேர். "ஏய், அவசரப்படாத. அது இரும்பு, பின்னால சாயும்." அவர் சொன்னது சரி. அப்ரைட் பியானோவின் எடையில் பெரும்பகுதி வார்ப்பிரும்பு இருக்கும் பின்புறத்தில் இருக்கிறது. முன்பக்கத்தைப் பார்த்து எடையைக் கணித்தால் கை தப்பிவிடும். முதல் திருப்பத்தில் பெட்டியை நிமிர்த்தி, கால் கட்டையைச் சுவரோரம் நகர்த்தி, அங்குலம் அங்குலமாகத் திருப்பினார்கள். ஒவ்வொரு அசைவுக்கும் உள்ளேயிருந்து எல்லாத் தந்தியும் சேர்ந்து ஒரு முனகல். மாடி வீடுகளின் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கடைசிப் படியில் ஏறியதும் மூத்தவர் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்து மூச்சு வாங்கினார். தண்ணீர் குடித்துவிட்டு, "ஒரு பாட்டு வாசிங்கம்மா, கேட்டுட்டுப் போறோம்," என்றார்.

பாக்கின் ஸி மேஜர் பிரெலூடை வாசித்தேன். 1722-இல் அவர் தொகுத்த பிரெலூட், ஃப்யூக் புத்தகத்தில் முதலாவது. மொத்தம் 35 தாளக்கட்டுகள், கடைசி மூன்றைத் தவிர ஒவ்வொன்றிலும் இடது கை இரண்டு சுரத்தை ஊன்ற, வலது கை மூன்று சுரத்தை அதன்மேல் ஏற்றிக் காட்டும். கடினமான உருப்படி இல்லை. ஆனால் ஒவ்வொரு கட்டிலும் கீழ்ச் சுரம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதில்தான் அதன் அழகு முழுவதும் இருக்கிறது. லாரியின் குலுக்கலில் பியானோ கொஞ்சம் சுருதி விலகித்தான் இருந்தது. ஆறு பேரும் தோளில் துண்டோடு நின்று கேட்டார்கள். நடுவில் யாரும் பேசவில்லை. முடிந்ததும் மூத்தவர், "இது சாமி பாட்டாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்படித்தான் எனக்கும் தோன்றியது.

ட்யூனர் உடனே வரமாட்டேன் என்றுவிட்டார். "வீட்டுக் காத்து அதுக்குப் பழகணும். ரெண்டு மூணு வாரம் போகட்டும். நீங்க பாட்டுக்கு வாசிங்க." புதுத் தந்தி நீளும், புது மரம் வீட்டின் ஈரத்துக்கு ஏற்ப உப்பும், சுருங்கும். முதல் வருடம் பலமுறை சுருதி சேர்க்க வேண்டியிருக்கும் என்பதை அவர் முன்பே சொல்லி வைத்திருந்தார். ஏசி காற்று நேரே படாத, வெயில் விழாத, வெளிச்சுவரை ஒட்டாத இடமாக அவரே பார்த்துச் சொன்னார். ஃபெல்ட்டைப் பூச்சி அரிக்காமல் இருக்கப் பூச்சி உருண்டையைத் துணியில் முடிந்து உள்ளே தொங்கவிடச் சொன்னார். மழைக்காலத்தில் பெட்டிக்குள் குறைந்த வாட் பல்பு எரியவிடுவது பழைய சென்னை வீடுகளின் வழக்கம்; இப்போது அதற்கென்றே சூடாக்கும் கம்பி கிடைக்கிறது, அதைப் பொருத்தினார்.

சுருதி சேர்த்த நாளன்று அவர் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டேன். உச்ச, நடு ஸ்தாயிகளில் ஒரு கட்டைக்கு மூன்று தந்தி. கீழே போகப் போக இரண்டு. ஆகக் கீழே ஒன்றே ஒன்று. நீளமான ஃபெல்ட் நாடாவைத் தந்திகளுக்கு இடையில் செருகி, மூன்றில் நடுத் தந்தி மட்டும் பேசும்படி செய்தார். ட்யூனிங் ஃபோர்க் ஒலிக்கும் 440-க்கு 'ஏ'யைச் சேர்த்தார். அங்கிருந்து ஐந்தாம் சுரம், நான்காம் சுரம் என்று தாவித் தாவி ஒரு ஸ்தாயி முழுவதையும் கட்டினார். இடையே என்னைக் கூப்பிட்டு, "இப்பக் கேளுங்கம்மா," என்று 'எஃப்', 'ஏ' இரண்டையும் சேர்த்து அழுத்தினார். ஒலிக்குள் ஒரு நடுக்கம், நொடிக்கு ஏழு தடவைபோல. "இந்த நடுக்கம் இருக்கணும். இது நின்னுடுச்சுன்னா வேற எங்கேயோ உதைக்கும்."

பன்னிரண்டு சுரங்களையும் சம தூரத்தில் பங்கிட்டதால் வரும் நடுக்கம் அது. தம்புராவை மீட்டி நிதானமாகக் கேட்டால் மந்திர ஸட்ஜத் தந்தியிலிருந்தே அந்தர காந்தாரம் தானாக எழும். பியானோவின் காந்தாரம் அதைவிடக் கொஞ்சம் உயர்ந்தே நிற்கிறது. எந்தச் சுரத்தையும் ஸட்ஜமாக வைத்துக்கொள்ளலாம் என்ற சுதந்திரத்துக்கு, எல்லாக் காந்தாரமும் சற்றுக் கூர்ந்து நிற்பதை விலையாகக் கொடுத்திருக்கிறார்கள். பிறகு நாடாவை உருவி, மூன்று தந்தியையும் ஒன்றாக்கினார். இரண்டு தந்தி மயிரிழை விலகி இருந்தால் ஒலி அலை அலையாக வீங்கி வடியும். அவர் சாவியை அசைக்க அசைக்க அந்த அலை நீண்டது, இன்னும் நீண்டது, பிறகு நின்றது. மூன்று தந்தி ஒரு குரலானது. அந்த ஒரு கணத்துக்காக ட்யூனர்கள் வாழ்நாள் முழுதும் காதைப் பழக்குகிறார்கள். சென்னையில் நல்ல பியானோ ட்யூனர்கள் விரல்விட்டு எண்ணும்படிதான் இருக்கிறார்கள். அவர்களை இசைக் கலைஞர்களின் வரிசையில் வைத்துத்தான் நான் மதிக்கிறேன்.

ஐப்பசி மழை தொடங்கியதும் பியானோவின் சுருதி ஏறியது. காற்றின் ஈரத்தில் தந்திகளுக்குப் பின்னால் இருக்கும் ஸ்ப்ரூஸ் பலகை உப்பி முன்னால் வருகிறது. அது தந்தியை அழுத்த, இழுவை கூடுகிறது. நடு ஸ்தாயிதான் அதிகம் விலகும். ஒரு வாரம் விடாமல் மழை பெய்தபோது காலையில் முதல் சுரத்தை அடித்ததுமே வெளியே காற்று எப்படி இருக்கிறது என்று தெரிந்தது. இரவல் பியானோக்களோடு இருந்த காலத்தில் இப்படி ஒரு பழக்கம் எனக்கு வாய்க்கவே இல்லை.

மேல் மாடியில் ஒரு மாமி. சிறு வயதில் வீணை கற்றவர். சத்தம் தொந்தரவாக இருக்குமோ என்று நடுப் பெடலை மிதித்து, தந்திக்கும் சுத்தியலுக்கும் நடுவே ஃபெல்ட் திரை இறக்கித்தான் மதியத்தில் வாசிப்பேன். ஒரு நாள் மாமியே இறங்கி வந்தார்.

"ஏன் போர்வையைப் போத்திண்டு வாசிக்கறே? நன்னா வாசியேன்," என்றார். உட்கார்ந்து கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "நோட்டு ஸ்வரம் தெரியுமோ உனக்கு?" என்று கேட்டார்.

முத்துசுவாமி தீட்சிதர் சென்னைக்குப் பக்கத்தில் மணலியில் இருந்த நாட்களில் ஆங்கிலேயர்களின் பாண்டு வாத்தியத்தைக் கேட்டவர். அந்த மெட்டுகளுக்கு அவர் சம்ஸ்கிருதத்தில் சாகித்தியம் எழுதினார். ஏறத்தாழ நாற்பது இருக்கின்றன, எல்லாம் சங்கராபரணம். அவற்றில் 'சந்ததம் பாஹிமாம்' என்பதன் மெட்டு இங்கிலாந்தின் தேசிய கீதத்தினுடையது. மாமி பாடினார், நான் வலது கையில் மெட்டைப் பிடித்தேன், இடது கையில் ஸி, எஃப், ஜி என்று கீழே நடந்தேன். மாமியின் குரலில் இருந்த மெல்லிய அசைவுகள் பியானோவுக்கு வரவில்லை. ஆனால் மெட்டே கட்டைகளுக்கு ஏற்றது என்பதால் அது இடறவும் இல்லை. இருநூறு வருடத்துக்கு முன் எங்கேயோ கோட்டைப் பக்கம் ஊதிப் போன பாட்டு, மணலி வழியாகப் போய், மாமியின் பாட்டியிடமிருந்து மாமிக்கு வந்து, என் வீட்டு ஹாலில் பியானோவோடு சேர்ந்தது. "பேஷ், இதுக்குன்னே பண்ணின வாத்தியம்," என்றார் மாமி.

அதன் பிறகு வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் வந்துவிடுவார்.

இப்போது எனக்கு இருக்கும் முக்கியமான வேலை, அப்பா வாசித்த கீர்த்தனைகளுக்கு இடது கை எழுதுவது. கோயிலில் நாலு குரலாகப் பாடும் வழக்கம் எங்கள் பக்கத்தில் ஊறியது. டானிக் சோல்ஃபா எழுத்தில் ஆல்டோ, டெனர், பேஸ் என்று பிரித்துப் பாடுவார்கள். அந்தப் பழக்கத்தில் மோகனத்தில் அமைந்த ஒரு கீர்த்தனையை எடுத்து எழுதிப் பார்த்தேன். முடிவடியில் வழக்கம்போல ஜி செவன்த்திலிருந்து ஸிக்கு வந்தேன். மாமி கையை உயர்த்தி நிறுத்தினார்.

"இரு இரு. கீழே மத்யமம் எங்கேர்ந்து வந்தது? மோகனத்துல மா ஏது, நி ஏது?"

"அது கீழ்க் கைதானே மாமி. பாட்டுல இல்லையே."

"கேக்கறவா காதுக்குக் கீழ்க் கை மேல் கைன்னு உண்டா?"

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. மோகனத்துக்கு ஐந்தே சுரம்: ஸ, ரி, க, ப, த. மேல்நாட்டு முறையில் ஒரு பாட்டை முடித்து வைக்கும் கூட்டொலியில் மத்யமமும் நிஷாதமும் இரண்டுமே இருக்கின்றன. அவற்றை விலக்கிவிட்டால் மூன்று சுரக் கூட்டொலியாக மிஞ்சுவது இரண்டுதான்: ஸ-க-ப, த-ஸ-க. இந்த இரண்டையும் வெறும் ஸ-ப, ரி-த இணைப்புகளையும் வைத்துக்கொண்டு முழுக் கீர்த்தனைக்கும் கீழ்க் குரல் கட்ட வேண்டும். எழுதிப் பார்க்கப் பார்க்க ராகம் தெளிந்து வருகிறது. அங்கங்கே இடது கை ஒன்றும் செய்யாமல் ஒரே ஒரு ஸட்ஜத்தை அடித்துவிட்டு, அது தேய்கிற நேரம் முழுதும் மெட்டைத் தனியே விட்டுவிடுவது நன்றாக இருக்கிறது. யூ1-இல் அந்த மந்திர ஸட்ஜம் ஒரு முழு அடி தீரும் வரை நிற்கிறது. அதை நம்பி எழுத முடிகிறது.

மாமி சொல்வதை எல்லாம் நான் ஏற்றுக்கொள்ளவில்லை. சரணத்தின் கடைசி அடியில் சபை முழுவதும் சேர்ந்து குரலெடுக்கும் இடத்தில் பஞ்சமத்தோடு நிஷாதத்தைச் சேர்த்தால்தான் கோயிலின் கம்பீரம் வருகிறது. அந்த ஒரு இடத்தில் அதை வைத்திருக்கிறேன். பல்லவி முடிந்துவிட்டது, அனுபல்லவி பாதி. சரணத்தை இந்த வெள்ளிக்கிழமை மாமிக்கு வாசித்துக் காட்ட வேண்டும். நிஷாதத்துக்காக வாதாட நான் தயாராகத்தான் இருக்கிறேன்.